பேட்டரி எந்த ஹெட்டில் வரும்?

போன மாதம் எங்கள் துறையில் ஸ்டாக் வெரிஃபிகேஷன். பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர் ரெஜிஸ்டரோடு வந்து மேஜை, நாற்காலியிலிருந்து மவுஸ் வரைக்கும் எண்ணிக்கொண்டே போனார். கடைசி அறையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரிடம் வந்ததும் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் பார்த்தார். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒர்க்ஸ்டேஷன் அது, எங்கள் துறைக்கு வந்த மெஷின்களிலேயே விலை கூடியது. "ஓடுதா மேடம்?" என்றார். "ஓடும் சார், யூபிஎஸ் பேட்டரிதான் போயிடுச்சு" என்றேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யூபிஎஸ்ஸுக்கு வேறு வரிசை எண், கம்ப்யூட்டருக்கு வேறு வரிசை எண். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றரை வருடமாக யாரும் ஆன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்த பேட்டரிக்காக நான் ஆபீஸுக்கு எத்தனை முறை நடந்திருப்பேன் என்று கணக்கில்லை. சூப்பிரண்டென்ட் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசுவார். அவருக்கு எந்தச் செலவானாலும் பட்ஜெட்டில் ஒரு தலைப்பில், அதாவது ஒரு 'ஹெட்'டில் அடங்க வேண்டும். "இது ரிப்பேரா, புதுசு வாங்குறதா மேடம்? ரிப்பேர்னா மெயின்டனன்ஸ் ஹெட்ல வரணும், அதுல பணம் இல்ல. புதுசுன்னா எக்யூப்மென்ட் ஹெட், அதுக்கு இந்த வருஷம் சாங்ஷன் இல்ல." மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன், மூன்றுமே அறுபதாயிரத்துக்குள். ஃபைல் சுற்றி வருவதற்குள் கொட்டேஷனின் தேதி காலாவதியாகிவிடும், திரும்பவும் மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். மெஷின் வந்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள், போட்டோ இன்னமும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. பேட்டரிக்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

நான் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கௌரவ விரிவுரையாளர். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஏஐ வந்துவிட்டது, பல்கலைக்கழகங்கள் மாற வேண்டும், அரசு கைகொடுக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், நானும் இரண்டு மேடைகளில் பேசியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடைகளில் உதவி என்றாலே எல்லோர் மனதிலும் வருவது ஒரு பொருள்தான்: புது லேப், புது சர்வர், புது மையம். பொருள் வாங்குவது ஒரு தடவைச் செலவு, மார்ச் 31-க்குள் முடித்துவிடலாம். அந்தப் பொருளை வருடா வருடம் ஓட வைக்கிற சின்னச் செலவுக்கும், அதை வைத்துப் பாடம் நடத்தப் போகிற ஆள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் பட்ஜெட்டில் இடமே இருப்பதில்லை. எனக்கு உள்ள மனத்தாங்கல் இது ஒன்றுதான், கீழே எழுதுவதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். முன்பு தெரிந்திருக்கிறது.

நானே அதற்கு சாட்சி. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்சிஏ சேர்ந்தவள் நான். எம்சிஏ என்ற இந்தக் கணினி முதுகலைப் படிப்பு தானாக முளைத்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்கு ஆள் போதாது, பொறியியல் கல்லூரிகளை மட்டும் நம்பினால் ஆகாது என்று தெரிந்து, பேராசிரியர் வி. ராஜாராமன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழு சொல்லித்தான் இந்தப் பட்டம் வந்தது. கணக்குப் படித்தவனுக்கும் இயற்பியல் படித்தவளுக்கும் கதவு திறந்தது. கட்டடம் கட்டித் திறந்த கதவு இல்லை அது, ஒரு விதியை மாற்றித் திறந்தது. என் வயதுக்காரர்களில் எத்தனை வீடுகளில் அந்த மூன்று வருடப் படிப்பால் அடுப்பு எரிகிறது என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். இப்போது அது இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது, அது வேறு கதை.

கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கணினி வலையமைப்பான எர்நெட் இன்னொன்று. 1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கியது. ஐந்து ஐஐடிகள், பெங்களூரு ஐஐஎஸ்சி, பம்பாயில் இருந்த மென்பொருள் ஆய்வு மையமான என்சிஎஸ்டி, மின்னணுத் துறை ஆகிய எட்டு இடங்களை இணைத்தார்கள். வீட்டுக்கு இன்டர்நெட் என்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15-ல்தான், அதற்குப் பல வருடம் முன்பே நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே, வலை பின்னும் வேலையை அந்தந்த நிறுவனத்து ஆட்களிடமே கொடுத்ததுதான். கம்பியை இழுத்தவர்கள், மென்பொருள் எழுதியவர்கள், அது படுத்தபோது ராத்திரி உட்கார்ந்து எழுப்பியவர்கள் எல்லாரும் அங்கே வேலை பார்த்தவர்கள். வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் எட்டு இடத்தில் எட்டு பெட்டிகள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருக்கும்.

சமீபத்திலும் சரியாகச் செய்தவை உண்டு. ஆய்விதழ்களுக்கான சந்தாவை மத்திய அரசே மொத்தமாகக் கட்டுகிற 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசு நிறுவனங்கள் 6,300-க்கு மேல். இதற்கு முன்பு ஒரு ஆய்வுக் கட்டுரை வேண்டுமென்றால் பெரிய பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிற தோழிக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். அவள் பிஎச்.டி. முடித்து வெளியே வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. இன்றைக்கு அதே கட்டுரை என் லாகின்னில் திறக்கிறது. பணத்தை ஒரே இடத்தில் அரசே கட்டிவிட்டது, என் கல்லூரி கொட்டேஷன் வாங்க வேண்டியதில்லை, எந்த ஹெட் என்று யாரும் கேட்கவில்லை. தனியார் கல்லூரி நண்பர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்ற குறை இருக்கிறது, அவர்கள் மாணவர்களும் இந்த நாட்டு மாணவர்கள்தானே.

இணையத்தில் இலவசமாக வீடியோ பாடங்கள் தருகிற என்பிடெல் அதே ரகம். 2003-ல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் மத்திய அரசுப் பணத்தில் ஆரம்பித்தது. இன்றைய ஏஐக்கு அடிப்படையான டீப் லேர்னிங் எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நான் படித்த காலத்தில் அது பாடத்திலேயே இல்லை. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் மிதேஷ் காப்ராவின் வீடியோக்களைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பேக்ப்ராபகேஷன் கணக்கை நான்கு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நான்காவது தடவை புரிந்தபோது மணி ஒன்றேகால்.

ராத்திரி ஒன்றேகால் என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியர் புதிதாக ஒரு துறையைக் கற்றுக்கொண்டு வகுப்பெடுக்க, அவருடைய வேலை நாளுக்குள் நேரம் எங்கே இருக்கிறது? அதிகபட்சம் ஐந்து நாள் ஆன்லைன் எஃப்டிபி, அதாவது ஆசிரியர் பயிற்சி, கிடைக்கும். ஒருவர் ஸ்லைடு போட்டு வாசிப்பார், நூற்றைம்பது பேர் கேமராவை அணைத்துவிட்டு இருப்போம், கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினால் சான்றிதழ் மெயிலுக்கு வந்துவிடும். என்னிடம் 'தொழில்நுட்பத்தின் புதிய போக்குகள்' என்ற வகையில் பதினோரு சான்றிதழ்கள் இருக்கின்றன. அந்தப் பதினொன்றையும் வைத்து ஒரு மாடலைக்கூட ட்ரெய்ன் செய்ய முடியாது.

இங்கேயும் பழைய வழி ஒன்று இருந்தது. எனக்கு எம்.ஃபில். வழிகாட்டியாக இருந்தவர் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) எஃப்ஐபி என்ற ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தில் போய் பிஎச்.டி. முடித்தவர். சம்பளத்தோடு விடுப்பு, அவர் இடத்தில் வகுப்பெடுக்க வந்த மாற்று ஆசிரியருக்கும் யுஜிசியே சம்பளம் கொடுத்தது. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். மாற்று ஆள் இருந்ததால்தான் கல்லூரி முதல்வர் முகம் சுளிக்காமல் ரிலீவ் செய்தார், துறையில் மற்றவர்களும் முணுமுணுக்கவில்லை. பொறியியல் ஆசிரியர்களுக்கு க்யூஐபி என்று 1970-லிருந்தே ஒரு திட்டம் உண்டு, வேலையில் இருந்தபடியே ஐஐடிக்குப் போய் எம்.டெக்., பிஎச்.டி. செய்யலாம். ஏஐக்கு இதே அச்சில் ஒரு ஆறு மாதத் திட்டம் போடலாமே. ஒரு கல்லூரிக்கு வருடத்துக்கு ஒருவர் போதும். ஒரு செமஸ்டர் ஐஐடியிலோ என்ஐடியிலோ ஒரு ஆய்வகத்தில் உட்கார்ந்து, அங்கே இருக்கிற பிள்ளைகளோடு கோட் எழுதித் திணறி, ஒரு புராஜெக்டை முடித்துவிட்டு வரட்டும். பிறகு முப்பது வருடம் அந்த ஆள் பாடம் எடுக்கப் போகிறார், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒர்க்ஸ்டேஷனைவிட மலிவு.

இதில் என் மாதிரி ஆட்கள் எங்கே வருகிறோம் என்று கேட்டால், வரவே மாட்டோம். தமிழ்நாட்டு அரசு கலைக்கல்லூரிகளில் பாதி வண்டியை இழுப்பது கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், மே மாதம் கிடையாது. வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லியாகிவிட்டது. எங்கள் சம்பளப் புலம்பலுக்காக இந்தப் பதிவை எழுதவில்லை, அதற்குத் தனிப் பதிவு பாக்கி இருக்கிறது. ஆனால் ஒரு தகவலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: மாநிலத்தில் மெஷின் லேர்னிங் பேப்பரை யார் யார் நடத்துகிறார்கள் என்று பட்டியல் எடுத்தால் அதில் அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் அதில் 'நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்' என்று ஒரு வரி இருக்கும்.

தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' பற்றி நண்பர்கள் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 1-ல் தொடங்கியது, எங்கள் மாதிரி சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில்துறையின் பாடம் வீடு தேடி வருவது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் யோசனை ஒன்றே ஒன்று. வெளியிலிருந்து பயிற்றுநர் வந்து எடுக்கிற எந்த வகுப்பானாலும் அதே அறையில் பின் பெஞ்சில் ஒரு ஆசிரியரையும் மாணவராக உட்கார வையுங்கள், அவருக்கும் அசைன்மென்ட் கொடுங்கள், அந்த நேரத்தை அவருடைய பணிச்சுமையில் சேருங்கள். பயிற்றுநர் அடுத்த ஊருக்குப் போன பிறகும் பாடம் இங்கேயே தங்கும்.

லேப்டாப் பற்றியும். 2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப், நடுவில் நின்றுபோய், 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் என்று அறிவித்தார்கள். பொருள் கொடுப்பதைத்தான் இவ்வளவு நேரம் திட்டினாய், இது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். ஆளுக்குக் கொடுத்த பொருளும் ஆபீஸுக்குக் கொடுத்த பொருளும் ஒன்றில்லை. அந்த லேப்டாப்பில் பேட்டரி போனால் அந்தப் பெண்ணின் அண்ணன் பர்மா பஜாரோ ரிச்சி தெருவோ ஏறி இறங்கி மாற்றிக் கொண்டுவந்துவிடுவான், எந்த ஹெட் என்று கேட்க மாட்டான். இலவசம் என்று நக்கலடிக்கிறவர்கள் ஒருநாள் என் வகுப்புக்கு வரலாம். ஐந்தரை அங்குல மொபைலில், பிரவுசரிலேயே கோட் ஓட்டுகிற கூகுள் கொலாப்பைத் திறந்து, கட்டை விரலால் பைத்தான் கோடுக்கு ஸ்பேஸ் அடித்து இன்டென்டேஷன் சரி செய்கிற பிள்ளைகளைக் காட்டுகிறேன்.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். எங்கள் மூன்றாம் வருட மாணவர்கள் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்கள். போன செமஸ்டர் ஒரு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன், நீல மையில் அழகான கையெழுத்து, புரோகிராம் பிசிறில்லாமல் இருந்தது, நடுவில் ஒரு வரியில் 'உங்கள் ஃபைல் பெயரை இங்கே போட்டுக்கொள்ளவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. சாட்ஜிபிடி எழுதியதை அப்படியே, அது கொடுத்த அறிவுரையையும் சேர்த்து, அந்தப் பையன் கையால் ஏழு பக்கம் காப்பி எழுதியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. உலகத்திலேயே அதிநவீன மெஷின் எழுதியதை மனிதன் பேனாவால் பிரதி எடுக்கிறான், நான் சிவப்பு மையில் டிக் போடுகிறேன், இதற்குப் பெயர் பிராக்டிக்கல்.

அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது. ரெக்கார்டு எழுதினால்தான் ஹால் டிக்கெட். 75 மார்க்குக்கு எழுத்துத் தேர்வு: பத்து இரண்டு மார்க், ஐந்து ஐந்து மார்க், மூன்று பத்து மார்க். மெஷின் லேர்னிங் பேப்பருக்கும் இதே அளவுச் சட்டைதான். இணைப்புக் கல்லூரியில் நான் ஒரு யூனிட்டை மாற்ற நினைத்தால் முடியாது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட வேண்டும், கல்விக்குழு ஒப்புதல் தர வேண்டும், அது அடுத்து சேருகிற பேட்சிலிருந்து அமலாகும், அந்தப் பேட்ச் மூன்றாம் வருடத்துக்கு வந்து அந்தப் பாடத்தைத் தொடும்போது சிலபஸுக்கு வயது நாலாகியிருக்கும். அரசு நினைத்தால் இதற்குப் பத்துப் பைசா செலவில்லாமல் உதவலாம். செமஸ்டருக்கு ஒரே ஒரு பேப்பரை கல்லூரியிடம் விட்டுவிடுங்கள். தலைப்பு மட்டும் பல்கலைக்கழகம் சொல்லட்டும், உள்ளே என்ன நடத்துவது, எப்படித் தேர்வு வைப்பது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். மாணவர் செய்ததை எதிரே உட்கார வைத்து, "இந்த வரி ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்டு மார்க் போடுகிற வைவா தேர்வாக அது இருக்கலாம். ஏமாற்றுவார்கள், தாராளமாக மார்க் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்?

கடைசியாக மெஷின்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு ஒர்க்ஸ்டேஷன் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. 2015-ல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் 4,500 கோடியில் அறிவித்தார்கள், அதில் திருச்சி என்ஐடிக்கு 2022-ல் 838 டெராஃப்ளாப் வேகத்தில் ஓடுகிற சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பெயர் 'பரம் பொருள்'. பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறதா, எனக்கும் அப்படித்தான். 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ மிஷனுக்கு 10,372 கோடி ஒதுக்கினார்கள், அதில் ஜிபியுவை, அதாவது ஏஐ ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டை, மணிக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாக வாடகைக்கு விடுகிறார்கள். ஆக, நாட்டில் மெஷின் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு லாகின். இந்த மாதிரிப் போர்ட்டல்கள் எதுவானாலும் முதலில் கேட்பது கல்லூரி மின்னஞ்சல், எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது ஜிமெயில். மாநில அரசு மொத்தமாக சில லட்சம் மணி நேரத்தை வாங்கி, அரசுக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சலும் செமஸ்டருக்கு இருபது மணி நேரமும் கொடுத்துவிட்டால், பேட்டரியும் வேண்டாம், ஏசியும் வேண்டாம், ஸ்டாக் ரெஜிஸ்டரும் வேண்டாம். ஆய்விதழுக்குச் செய்ததை ஜிபியுவுக்கும் செய்யுங்கள் என்கிறேன், வேறொன்றுமில்லை.

வெரிஃபிகேஷன் முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு ஒரு வேகம் வந்தது. பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டுவிட்டு, செத்த யூபிஎஸ்ஸை ஓரம் தள்ளி, ஒர்க்ஸ்டேஷனை நேராக சுவர் பிளக்கிலேயே சொருகி ஆன் செய்தேன். தப்புதான், ஏதாவது ஆனால் என் தலையில்தான் விழும். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி, காலை ஷிஃப்ட் முடித்து ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவள், வாழையிலை நோய்களைப் போட்டோவிலிருந்து கண்டுபிடிக்கிற புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள், போட்டோ எல்லாம் அவள் அப்பா குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் எடுத்தது. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் ஓடி கரண்ட் போனது, எல்லாம் போச்சு. இரண்டாவது நாளும் போச்சு. மூன்றாவது நாள் வந்து, "மேம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் ஆகிற மாதிரி எழுதிட்டேன், கரண்ட் போனா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கும்" என்றாள். செக்பாயிண்ட் என்று அதற்குப் பெயர் என்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் ஏஐயிடம் கேட்டதாகவும், அது எழுதிக் கொடுத்ததில் ஒரு தப்பு இருந்ததாகவும், அதைத் தானே கண்டுபிடித்ததாகவும் சொன்னாள். எந்த வரி என்று கேட்டேன், காட்டினாள்.

நேற்று சூப்பிரண்டென்ட் போன் செய்தார். கொட்டேஷன் தேதி முடிந்துவிட்டதாம்.